பிரான்ஸ் கால்வாய்ல நாமளே படகு ஓட்டிட்டுப் போகலாமாமே, வயசான அப்பா அம்மாவோட சரிப்படுமா?

கள்ளந்திரி மக:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி துலூஸ்ல வேலை பாக்குறான், ரெண்டு வருசமா அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா கூட்டிட்டு வான்னு ஒரே நச்சரிப்பு. அழகர் ஆத்துல எறங்கி மலைக்குத் திரும்புற வரைக்கும் எங்கம்மா மதுரையை விட்டு நகர மாட்டாங்க, அதனால சித்திரைத் திருவிழா முடிஞ்சு மே கடைசில போகலாம்னு பேச்சு. இப்ப அவன் என்ன சொல்றான்னா, அங்க கனால் து மிதின்னு ஒரு கால்வாய் ஊருக்குள்ளயே ஓடுது, அதுல ரூம், அடுப்படி, பாத்ரூம் எல்லாம் வச்ச படகை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் நாமளே ஓட்டிட்டுப் போகலாம், அதுக்கு லைசென்ஸ் கூட வேணாங்குறான். எனக்கு அதைக் கேட்டதும் பக்குனு இருந்துச்சு.

ஆனா அப்பா கேட்ட நிமிசத்துல இருந்து அதே நெனப்புதான். அவர் பொதுப்பணித்துறைல லஸ்கரா இருந்து ரிட்டையர் ஆனவர், பெரியாறு பிரதான கால்வாய்ல 31 வருசம் ஷட்டர் ஏத்தி எறக்குனவர். தம்பி வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ அனுப்புனான், படகு ஒரு தொட்டிக்குள்ள போகுது, பின்னாடி கதவு மூடுது, தண்ணி ஏற ஏறப் படகும் ஏறி மேல இருக்கிற கால்வாய்க்குப் போயிருது. அதை அப்பா எத்தனை தடவை பாத்தாருன்னே தெரியல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டு, "கதவுக்குள்ள சின்ன ஷட்டர் இருக்கும்மா, முதல்ல அதத்தான் தூக்குறாய்ங்க, ரெண்டு பக்கத் தண்ணியும் ஒரே மட்டத்துக்கு வராமப் பெரிய கதவைத் தொறக்கவே முடியாது"ன்னு எனக்குப் பாடம் எடுக்குறாரு.

அவருக்கு வயசு 69, தெம்பா இருக்காரு. அம்மாவுக்கு 64, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, படி ஏறி எறங்குனா வலி. லாக்குன்னு சொல்ற அந்தக் கதவு வச்ச தொட்டிகளைக் கடக்குறது எங்களால முடியுமா, எவ்வளவு நேரம் எடுக்கும், அம்மா அடிக்கடி எந்திரிச்சுக் கயிறு பிடிக்கணுமா, சாப்பாட்டுக்கு என்ன பண்றது, படகு ஆடுமா, இதெல்லாம் போய்ட்டு வந்தவங்க யாராச்சும் சொன்னாப் புண்ணியமாப் போகும். இன்னொண்ணு, அப்பாவுக்கு ஒரே ஒரு தடவையாவது அந்த ஷட்டரைக் கையால சுத்தணுமாம். விடுவாங்களா?

திருநகர் 3வது ஸ்டாப்:

தங்கச்சி, தாராளமாப் போய்ட்டு வாங்க. நாங்க ரெண்டு குடும்பம், ஆறு பேர், எங்க மாமியாரும் சேத்து, செப்டம்பர்ல அதே கனால் து மிதில போனோம். லைசென்ஸ் வேணாங்குறது நெசந்தான். வாடகைக்கு விடுற கம்பெனியே ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்து ஒரு தற்காலிக கார்டு குடுத்துருவாங்க. வேகம்னு பாத்தா உச்சமே மணிக்கு 8 கிலோமீட்டர்தான், கரையில சைக்கிள்ல போறவங்க நம்மளத் தாண்டிப் போயிட்டே இருப்பாங்க. கால்வாய் ஆழம் ரெண்டு மீட்டர் வாக்குல, தண்ணி அசையாமக் கெடக்கும், அதனால ஆட்டம் கிடையாது, அம்மாவுக்குத் தைரியமாச் சொல்லுங்க.

நீங்க எங்க இருந்து எங்க போறீங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. கால்வாய் மொத்தம் 240 கிலோமீட்டர், அறுபதுக்கு மேல லாக் வருது, ஆனா அது எல்லா எடத்துலயும் சரிசமமா இல்ல. அர்ழான்னு ஒரு ஊர், அதுக்கும் பெசியே பக்கத்துல இருக்கிற ஃபோன்செரான் லாக் வரிசைக்கும் நடுவுல 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக் கூடக் கிடையாது. மேடு பள்ளம் பாத்து மலையோரமாவே வளைச்சு வளைச்சு ஒரே மட்டத்துல கொண்டு போயிருக்காங்க. முட்டிவலிக்காரங்களுக்கு அதைவிட நல்ல எடம் வேற இல்ல. எங்க மாமியார் மேல்தளத்துல நாற்காலி போட்டு உக்காந்து ஒரு பக்கம் திராட்சைத் தோட்டத்தையும் இன்னொரு பக்கம் மரத்தையும் பாத்துக்கிட்டே வந்தாங்க.

ஆனா உங்கப்பா லாக்கைப் பாக்கத்தான வர்றாரு. அதனால நீங்க அர்ழான்ல ஏறாம, கொஞ்சம் மேல ஓம்ஸ்ங்கிற ஊர்ல படகு எடுங்க. அங்க இருந்து கீழ வந்தா ஓன்யோன், பெஷ்லொரியே, அர்ழான்னு மூணு எடத்துல லாக். அதுல முதல் ரெண்டும் ரெண்டு தொட்டி அடுத்தடுத்து ஒட்டி இருக்கிற மாதிரி. அது முடிஞ்சா அந்த 54 கிலோமீட்டர் நீட்டுக்குள்ள போயிருவீங்க. கொலொம்பியேங்கிற ஊர் வரைக்கும் போய்ப் படகைக் கட்டிட்டு ஃபோன்செரானை டாக்சிலயோ சைக்கிள்லயோ போய்ப் பாத்துட்டு அதே வழில திரும்பிருங்க. ஒரு பக்கம் 55 கிலோமீட்டர் சுமாரா வரும், ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் ஓட்டுனாப் போதும், ஒரு வாரத்துக்குள்ள பையப் போய்ப் பைய வந்துறலாம். போகும்போது எறக்கம், அது சுலபம். திரும்பும்போது ஏத்தம், அதுக்குள்ள கை பழகிரும்.

இப்ப கயிறு விசயம், இத நல்லாக் கேட்டுக்கங்க. எறங்குற லாக்ல கயிறை எந்தக் காரணத்துக்கும் முடிச்சுப் போடக் கூடாது. கரையில இருக்கிற இரும்புக் குத்துல ஒரு சுத்துச் சுத்தி நுனியைக் கையில வச்சுக்கிட்டுத் தண்ணி எறங்க எறங்க விட்டுக் குடுத்துக்கிட்டே வரணும். பெஷ்லொரியேல எங்க மச்சான் பழக்க தோசத்துல முடிச்சுப் போட்டுட்டு போன்ல போட்டோ எடுக்கப் போயிட்டார். தண்ணி ஒரு அடி எறங்கிருக்கும், படகு பின்பக்கம் தொங்க ஆரம்பிச்சுருச்சு, உள்ள தட்டு டம்ளர் எல்லாம் சரிஞ்சு விழுற சத்தம், கயிறு இழுத்த இழுப்புல கம்பி மாதிரி விறைச்சுப் போச்சு, முடிச்சை அவுக்கவே முடியல. மேல நின்ன லாக் காவலர் பாத்துட்டு மதகை நிறுத்தித் திரும்பத் தண்ணி விட்டதால தப்பிச்சோம். அன்னைல இருந்து எங்க படகுல கயிறு பிடிக்கிறவர் கையில போன் கிடையாது.

ஏறுற லாக்ல வேற மாதிரி. தண்ணி மேல இருந்து கொட்டும், படகு முன்ன பின்ன இழுக்கும். உள்ள போறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் கரையில எறங்கி நடந்து மேல போய் நிக்கணும், கீழ இருந்து கயிறை எறிஞ்சா அவர் குத்துல மாட்டுவாரு. இந்த வேலைக்கு உங்க தம்பி போகட்டும், அம்மா உக்காந்த எடத்துல உக்காந்திருக்கட்டும். ஒரு தொட்டிக்குப் பத்துப் பதினஞ்சு நிமிசம், முன்னாடி படகுங்க வரிசைல நின்னாக் கூடும். மதியம் லாக் காவலருங்க சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் மூடிருவாங்க, அதுக்குத் தக்கனக் கெளம்புங்க. ராத்திரி ஓட்டக் கூடாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிர்றேன். படகைத் திருப்பிக் குடுக்கும்போது பக்கவாட்டுல ஒரு கீறல்னு சொல்லி முன்பணத்துல பிடிச்சுட்டாங்க. அது நாங்க ஏறும்போதே இருந்த கீறல், சத்தியமாச் சொல்றேன், ஆனா போட்டோ எடுத்து வைக்கல, வாதாட மொழியும் தெரியல. கம்பெனி பேரு இங்க வேண்டாம். நீங்க சாவி வாங்குன கையோட நாலு பக்கமும் வீடியோ எடுத்து அவங்க முன்னாடியே காட்டிருங்க. வாடகை ஜூலை, ஆகஸ்ட்ல ரொம்ப ஏறிரும், மே நல்ல மாசம். டீசலுக்கு எஞ்சின் ஓடுன மணிக் கணக்குல தனியா வாங்குவாங்க, அதையும் கேட்டு வச்சுக்கங்க.

பழைய ஏ.இ.:

அம்மா, உங்க அப்பா லஸ்கர்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நானும் பாசனப் பிரிவுல ஏ.இ.யா, அதாவது உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு கால்வாயோட நெலமை என்னன்னு எங்களுக்கு முன்னாடியே லஸ்கருக்குத் தெரியும், கரையில வர்ற கசிவைக் காலடி ஈரத்துலயே கண்டுபிடிச்சுருவாங்க.

அவர்கிட்ட இதைச் சொல்லுங்க, சந்தோசப்படுவாரு. அந்தக் கால்வாயைக் கட்டுனவர் பியர் போல் ரிக்கே, எஞ்சினியரே கிடையாது, உப்பு வரி வசூல் பண்ற ஆளு. அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் கால்வாயால இணைக்கணும்னு அவருக்கு முன்னாடியே பல பேர் நெனச்சாங்க, எல்லாரும் ஒரே எடத்துல முட்டி நின்னாங்க. நடுவுல மேடு. கால்வாய் அந்த மேட்டு மேல ஏறி எறங்கணும்னா உச்சியில தண்ணி வேணும், ஏன்னா ஒவ்வொரு தடவை லாக்கைத் தொறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணி கீழ போயிருது, ரெண்டு பக்கமும் போயிட்டே இருக்கு. உச்சிக்குத் தண்ணி யாரு குடுப்பா? ரிக்கே பக்கத்துல இருந்த மோன்தான்யே நுவார் மலையில ஓடுன ஓடைகளை மறிச்சு, மலையோரமா வாய்க்கால் வெட்டி, நோரூஸ்ங்கிற எடத்துல, கடல் மட்டத்துல இருந்து 189 மீட்டர் உயரத்துல, கொண்டாந்து விட்டாரு. மழை இல்லாத மாசத்துக்குத் தேக்கி வைக்க சேன் ஃபெரியோல்னு ஒரு மண் அணை, சுமார் 220 மில்லியன் கன அடி. நம்ம வைகை அணையோட ஒப்பிட்டா ரொம்பச் சின்னதுதான், ஆனா அது 1667ல ஆரம்பிச்ச வேலைங்கிறத நெனச்சுப் பாக்கணும். நோரூஸ்ல விழுற தண்ணி ஒரு பக்கம் துலூஸ் வழியா அட்லாண்டிக்குப் போகும், இன்னொரு பக்கம் மத்தியதரைக் கடலுக்குப் போகும்.

நம்ம பெரியாறும் இதே மாதிரி மலைமுகட்டைத் தாண்டுன தண்ணிதான. மேக்க அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணியை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைஞ்சு கெழக்க வைகைக்குத் திருப்பி 1895ல நமக்குக் கெடச்சுச்சு. பென்னிகுவிக் பேரை ஒரு பிள்ளைக்காவது வைக்காத ஊர் கம்பம் பள்ளத்தாக்குல இருக்காது. அதே மாதிரி அங்க ரிக்கேயைக் கும்புடாத குறையா வச்சுருக்காங்க. அவருக்கு ராஜா 1666ல உத்தரவு குடுத்தாரு, சொந்தக் காசைக் கொட்டிக் கடனாளியாகி 1680ல செத்துப் போனாரு, அடுத்த வருசம் 1681ல கால்வாய் தொறந்துச்சு. முழுசாப் படகு ஓடுனதை அவர் பாக்கல. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

லாக் தொட்டியோட வடிவத்தை அப்பாவைக் கவனிக்கச் சொல்லுங்க. செவ்வகமா இருக்காது, ரெண்டு பக்கச் செவரும் வெளிப்பக்கமா வளைஞ்சு முட்டை மாதிரி இருக்கும். ஆரம்பத்துல நேர்ச்செவரா கட்டுனது மண்ணோட அழுத்தம் தாங்காமச் சரிஞ்சுச்சு, அதுக்கப்புறம்தான் இந்த வளைவு. நம்ம ஊர்ல வட்டக் கிணறு மண்ணுத் தள்ளலைத் தாங்குதே, அதே கணக்கு. அந்தத் தொட்டிக்குள்ள படகு செவரை ஒட்டி நேரா நிக்காது, நடுப்பக்கம் எடைவெளி இருக்கும், அதனால கயிறை முன்னயும் பின்னயும் ஒரே நேரம் பாத்துக்கணும்.

இன்னொரு எடத்தை மறந்துறாதீங்க. கொலொம்பியேக்குக் கொஞ்சம் முன்னாடி மல்பான்னு ஒரு சுரங்கம், 165 மீட்டர், படகு அதுக்குள்ள போகும். ஐரோப்பாவுல படகு போறதுக்குன்னு கால்வாய்க்காகக் குடைஞ்ச முதல் சுரங்கம் அதுதான். அந்த ஒரே குன்றுக்குள்ள மூணு சுரங்கம் இருக்கு. மேல கால்வாய், அதுக்குக் கீழ ரயில், அதுக்கும் கீழ 13ஆம் நூற்றாண்டுல மோந்தாதிங்கிற ஏரியை வடிச்சு வெள்ளாமை பண்றதுக்காக வெட்டுன வடிகால். குன்று மேல ஏறிப் பாத்தா அந்தப் பழைய ஏரி நெலம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி பிரிஞ்சு தெரியும், தண்ணி எல்லாம் வாய்க்கால் வழியா நடுமையத்துக்கு வந்து வடியும். நம்மாளுங்க கண்மாய்ல தண்ணியை நிறுத்தப் பாடுபட்டாங்க, அவங்க வடிக்கப் பாடுபட்டாங்க.

ஸ்ட்ராஸ்பூர்க் மதுரைக்காரன்:

அக்கா, அப்பா கையால சுத்தணும்னு கேட்டீங்கள்ல, யாரும் அதுக்குப் பதில் சொல்லல. கனால் து மிதில கஷ்டம். அங்க லாக் எல்லாம் கரண்டுல ஓடுது, காவலர் ஒரு பெட்டில பட்டன் அமுக்குவாரு, சில எடத்துல நாமளே அமுக்குற மாதிரி வச்சுருக்காங்க. கையால சுத்துற லாக் வேணும்னா பர்கண்டி பக்கம் நிவெர்னே கால்வாய்க்குப் போகணும். 174 கிலோமீட்டர், நெறைய லாக்குங்க இன்னும் கைச்சக்கரம்தான், படகுல வர்ற ஆளுங்க எறங்கி ஒரு பக்கத்துக் கதவைத் தள்ளிக் குடுத்தா காவலருக்குச் சந்தோசம், அது அங்க வழக்கம். ஆனா லாக்குங்க அடுத்தடுத்து வரும், ஒரு நாளைக்கு ஏழெட்டுக்கு மேலயே இருக்கும், அம்மா முட்டிய நெனச்சுப் பாத்துக்கங்க.

எங்க பக்கம் ஆர்ஸ்வில்லர்னு ஒண்ணு இருக்கு, படகைத் தண்ணித் தொட்டியோட தூக்கி மலைச் சரிவுல தண்டவாளத்துல எறக்குவாங்க, 44 மீட்டர் உயரம், 17 லாக் பண்ண வேலையை 1969ல இருந்து இது ஒண்ணே பண்ணுது. அப்பா பாத்தா அசந்துருவாரு. ஆனா துலூஸ்ல இருந்து ரொம்பத் தூரம், அடுத்த தடவைக்கு வச்சுக்கங்க.

விசாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாம எடுக்கணும், பெரியவங்களுக்கு அத மட்டும் கடைசி நாள் வரைக்கும் தள்ளாதீங்க. இன்னொண்ணு, அந்த ஏரியால த்ரமோந்தான்னு ஒரு காத்து அடிக்கும், வடமேக்க இருந்து. அடிச்சா படகு குறுக்க போயிரும். அப்படி அடிக்கிற நாள்ல ஓட்டாதீங்க, கட்டிப் போட்டுட்டு ஊரைச் சுத்திப் பாருங்க.

கள்ளந்திரி மக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏ.இ. அய்யா எழுதுனதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், ரிக்கே செத்த எடம் வந்ததும் போதும்மான்னு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு. அப்புறம் வந்து மொத்தத்தையும் திரும்ப வாசிக்கச் சொன்னாரு.

அம்மாவுக்கு இப்பப் பயம் போயிருச்சு, ஆனா சமையலைப் பத்திக் கேக்குறாங்க. அங்க மிக்ஸி ஓடுமா, ராத்திரி எங்க கட்டுறது, மரத்துலயா?

அனுப்பானடி அக்கா:

மரத்துல மட்டும் கட்டிறாதீங்க கண்ணு, அது தடை. கரை நெடுக ரெண்டு பக்கமும் பிளேன்னு ஒரு வகை நெழல் மரங்க, ஒரு காலத்துல 42,000 மரம், உச்சி ரெண்டும் சேந்து பந்தல் போட்ட மாதிரி நிக்கும். அதுக்கு 2006ல ஒரு பூஞ்சை நோய் வந்துருச்சு, மருந்தே கிடையாது, வேரோட வெட்டி எரிக்கிறதுதான் வழி, ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க. கயிறு உரசுற காயம், படகு வேர்ல இடிக்கிற காயம் வழியாவும் பரவும்னு சொல்றாங்க. படகுல பெரிய இரும்பு முளை ரெண்டும் சுத்தியலும் குடுப்பாங்க, கரைல அடிச்சுக் கட்டணும், நடைபாதைக்குக் குறுக்க கயிறு போகாமப் பாத்துக்கங்க. நான் போனப்ப மரம் இல்லாமப் போன ஒரு நீட்டு, வெயில் மண்டையப் பொளந்துச்சு, அடுத்த வளைவுல திரும்பவும் மரம் வந்து நெழல் விழுந்ததும் படகுல யாருமே பேசல. நம்ம மேலூர் ரோட்டுப் புளியமரத்தை வெட்டுனப்ப எனக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு.

அடுப்பு கேஸ்தான், இட்லிச் சட்டி, குக்கர் எல்லாம் வைக்கலாம். மிக்ஸி பேட்டரில ஓடாது, துறைல கட்டி கரண்டு இழுத்தாத்தான் ஓடும். அதனால அம்மாவை இங்கயே பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் பண்ணிக்கச் சொல்லுங்க, மாவுக்கு உங்க தம்பி வீட்லயே அரைச்சு எடுத்துக்கங்க. காய்கறி, தக்காளி எல்லாம் ஊர்ச் சந்தைல நல்லாக் கெடைக்கும். தண்ணி டேங்க் தீந்துரும், துறை வர்றப்பல்லாம் நெரப்பிக்கங்க. முக்கியமானது, படகு புக் பண்றப்ப உள்ள எறங்க எத்தனை படின்னு கேளுங்க. சிலதுல ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும். எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கிற மாடல் உண்டு, அது கொஞ்சம் வாடகை கூடுனாலும் அம்மாவுக்கு அதுதான்.

கெப்பெஸ்தான்னு ஒரு ஊர்ல பாலம் ரொம்பத் தாழ்வு, வளைவா இருக்கும். மேல உக்காந்துருக்கிறவங்களை முன்னாடியே கீழ எறக்கிருங்க.

பழைய ஏ.இ.:

அனுப்பானடி அம்மா சொன்னது சரி. கரைன்னதும் இன்னொண்ணு, வேகமாப் போனாப் பின்னாடி அலை எழும்பிக் கரையை அரிக்கும். கட்டிக் கெடக்கிற படகுங்களைத் தாண்டும்போது பாதியாக் கொறைச்சுருங்க. இதை உங்கப்பாவுக்குச் சொல்லவே வேண்டியதில்ல.

கள்ளந்திரி மக:

முடிவு பண்ணிட்டோம். ஓம்ஸ்ல ஏறி கொலொம்பியே போய்த் திரும்புறது, ஏழு நாள். தம்பி படி இல்லாத படகா ஒண்ணு பாத்து விலை கேட்டுருக்கான். நிவெர்னே பத்தி அப்பாகிட்டச் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, சக்கரத்தை 31 வருசம் சுத்துனேன், அது கெடக்கட்டும், தண்ணி பிரியுற எடத்தைக் காட்டச் சொல்லு போதும்னுட்டாரு. அதனால படகு ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் துலூஸ்ல இருந்து கார்ல நோரூஸும் சேன் ஃபெரியோலும் பாக்கப் போறோம்.

லாக் காவலருக்கு மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு நேரம்னு அண்ணே எழுதிருந்தீங்கள்ல, அதை அப்பா ரெண்டு தடவை கேட்டாரு. முறைத் தண்ணி விடுற நாள்ல அவர் தூக்குவாளியை ஷட்டர் மேடைலயே வச்சு நின்னுக்கிட்டே சாப்பிட்டதை நாங்க சின்னப்பிள்ளைல பாத்துருக்கோம், நாந்தான் கொண்டு போய்க் குடுப்பேன். "அந்த நேரத்துல நாம போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது, முன்னாடியே கரையில கட்டிட்டு நாமளும் சாப்பிடணும்"னு இப்பவே தம்பிக்கு போன்ல உத்தரவு போட்டுட்டாரு. நேத்து பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணியாச்சு. கயிறு பிடிக்கக் கையுறை இங்கயே வாங்கிக்கலாமா, இல்ல படகுலயே குடுப்பாங்களா?

திருநகர் 3வது ஸ்டாப்:

குடுக்க மாட்டாங்க தங்கச்சி. கீழமாசி வீதில தடிமனான காட்டன் கையுறை கெடைக்கும், நாலு ஜோடி வாங்கிக்கங்க, ஈரமானா மாத்தணும். அப்பாவுக்கு வேணாம்பாரு, அவருக்கும் சேத்தே வாங்குங்க.